பண்டிகையன்று போடாத மருந்து

மாப்ள, இன்று காலை தொண்டை கொப்பளிக்க மருமகள் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தாள். இரண்டு நாளாக எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சாயங்காலம் நம் சபைக் கோயிலில் எனக்குப் பாராட்டுக் கூட்டம். ஏற்புரை வேறு சொல்ல வேண்டும். கரகரத்த குரலில் நன்றி சொன்னால் எடுபடாதே என்று நானே கேட்டு வாங்கிய மருந்துத் தண்ணீர்தான் அது. வெயில் பட்டதும் டம்ளர் முழுக்கக் கத்தரிப்பூ நிறம். வாயருகே கொண்டுபோனவன் அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். நீ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று எழுதினால் சிரிப்பாய். கூப்பிடவெல்லாம் இல்லை. ஆனால் அது உன் வாளியின் நிறம்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் வேலையை விட்டு ஓய்வு பெற்று, மதுரை தல்லாகுளத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். உன் அடக்கத்தன்று நான் ஏறிய, கரியில் ஓடும் பஸ் மேலூர் சாலையில் பாதி வழியில் படுத்துக்கொண்டது. நடந்து வந்து சேர்ந்தபோது மண் தள்ளி முடித்து, ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் வந்தாலும் வந்தது, பெட்ரோல் இல்லாமல் உன் முகத்தைக்கூட நான் பார்க்க முடியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சபைச் செயலாளர் வாழ்த்து மடலைக் கொண்டுவந்து, "நீங்க வாத்தியாரு, பிழை கிழை இருந்தாப் பாத்துக் குடுத்துருங்கய்யா" என்றார். அதில் ஒரு வரி: 'ஊரெல்லாம் காலராவில் சாய்ந்த கோடையில், தமது ஜெபத்தினாலேயே ஒரு தெரு முழுவதையும் ஓர் உயிரும் சேதமின்றிக் காத்த பெரியவர்.' மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். அந்த வரியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்கு இது ஆச்சரியமாக இருக்காது. என்னை உனக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் நான் மேலூருக்குக் கிழக்கே, பாறைகளுக்கு நடுவில் இருந்த கிறிஸ்தவத் தெருவுக்கு வாத்தியாரும் நானே, உபதேசியாரும் நானே. மற்ற நாளில் பள்ளிக்கூடம் நடக்கும் கூரையின் கீழேதான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. நீ மேலூர் மருந்துச்சாலையில் கம்பவுண்டர். மதுரையில் ஒரே விடுதியில் படித்தவர்கள் நாம். விடியற்கால ஜெபத்தில் நான் முதல் வரிசையில் நின்று உரக்கப் பாடுவேன். நீ கடைசி வரிசையில் தூணில் சாய்ந்து தூங்குவாய். இவன் எங்கே உருப்படப் போகிறான் என்று உனக்காக நான் தனியாக ஜெபித்ததும் உண்டு. அதை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது, "சரி, ஒனக்காக யாரு ஜெபிக்கிறா?" என்று கேட்டாய். கேலி என்று நினைத்துக்கொண்டேன்.

கண்மாய் வெடித்துக் கிடந்த வைகாசியில் காலரா முதலில் மேலத்தெருவில் விழுந்தது. ஒரே வீட்டில் அப்பனையும் இரண்டு பிள்ளைகளையும் அடுத்தடுத்துத் தூக்கினார்கள். நம் தெருவில் இருபது வீடுகளுக்கும் ஒரே கிணறு. நீ ஒரு பழுப்புப் போத்தலோடு சைக்கிளில் வந்தாய். சாயங்காலம் பெண்கள் தண்ணீர் எடுத்து முடித்ததும், போத்தலில் இருந்த ஊதாப் படிகத்தை வாளியில் கரைத்து, வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி முக்கி முக்கி இழுத்தாய். கிணறே ரோஜா நிறமாயிற்று. இதைக் குடித்தால் குடல் வெந்துபோகும் என்று பெண்கள் பயந்தார்கள். நீ ஒரு சொம்பு மொண்டு அவர்கள் முன்னாலேயே குடித்தாய்.

பிறகு உன் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை எடுத்து என் கையில் கொடுத்தாய். காலையில் அதில் மொண்டு பார்க்க வேண்டும். இலேசாகச் சிவப்பு மிச்சம் இருந்தால் கிணறு சுத்தம். நிறமே இல்லையென்றால், மருந்து அத்தனையையும் அழுக்கு தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம், மறுபடியும் போட வேண்டும். "மேல நின்னு எட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லாத. மேல இருந்து பாத்தா எல்லாக் கெணறும் தெளிவாத்தான் தெரியும். கோப்பைல மொண்டு பாரு" என்றாய்.

அன்று முதல் விடியற்காலையில் பள்ளிக்கூட மணியை அடிப்பேன். பெண்கள் குடத்தோடு வருவார்கள். கோப்பையில் பார்த்து, ஒரு ஜெபம் சொன்ன பிறகுதான் கயிறு இறங்கும். "ஆண்டவரே, இன்று ஒரு நாள் எங்களைக் காத்துக்கொள்ளும்." அவ்வளவுதான் ஜெபம். பயத்தில் அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஒரு நாள் மேலத்தெருவின் பெரிய தலைக்கட்டான அம்பலம் தானே நடந்து வந்து, துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலே, "வாத்தியாரே, ஒங்க தெருவுல மட்டும் சாவு விழலைங்கிறாக. அந்த மருந்த எங்க கெணத்துக்கும் போடச் சொல்லுங்க" என்றார். நீ அங்கேயும் போட்டாய். கால்வாயில் தண்ணீர் வந்து, ஆடிக் காற்றும் வீசியபோது நோய் ஓய்ந்தது. நம் தெருவில் ஒருவரும் சாகவில்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

ஆவணியில் என்னை மதுரைக்குக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய கோயிலில், அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. விடியற்காலை மணி, குடத்தோடு நிற்கும் பெண்கள், கிணற்றடி ஜெபம் என்று சொல்லச் சொல்ல, முந்தானையால் கண்ணைத் துடைப்பவர்கள் எனக்குத் தெரிந்தார்கள். போத்தலைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் அந்தக் கண்ணீர் நின்றுவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை. நீ பின்னால் தூணோரம் நின்றிருந்தாய். அன்றைக்கென்று தூங்கவும் இல்லை. வெளியே வந்ததும், "என்னைய விடு மாப்ள, அந்த வாளியவாச்சும் சொல்லிருக்கலாம்" என்றாய். இருவரும் சிரித்தோம். அடுத்த வாரமே சபைப் பத்திரிகையில் அந்தக் கதை என் பெயரோடு வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. இந்த ஊரில் கூட்டம், அந்த ஊரில் சாட்சி. கிணற்றடி ஜெபமும் நீண்டது. குடத்தை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள், எனக்கு முடிக்க மனசு வராது. கோப்பையைச் சில நாள் எடுக்காமலே வந்துவிடுவேன். ஒரு நாள் நீ வந்து, சைக்கிளைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டுவிட்டு, "மாப்ள, இப்பல்லாம் ஒன் ஜெபம் ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமாருக்கு" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. "மருந்து கலக்குறவனுக்கு ஜெபத்தப் பத்தி என்ன தெரியும்?" என்றேன்.

நீ கோபிக்கவில்லை. "ஒண்ணும் தெரியாதுதான். காலரா இருக்கறப்ப கெணத்த எல்லாருமே பாத்துக்குவாக. அது போனதுக்கப்புறம் பாக்குறதுக்குத்தான்டா ஆளு வேணும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினாய். உனக்கு இப்படித்தான், எதைச் சொன்னாலும் கிணற்றைப் பற்றியே சொல்வாய். அதில் நானும் இருந்தேன் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

புரட்டாசிக் கடைசியில், நோய் போனதற்கு நன்றியாக ஸ்தோத்திரப் பண்டிகை வைத்தோம். தெரு முழுக்கப் பந்தல், தென்னங்கீற்றுத் தோரணம். பத்து ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதுரையிலிருந்தும் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், பத்திரிகையில் படித்த கிணற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. உனக்கு மருந்துச்சாலையில் அன்று மத்தியானம் வரை விடுப்பு இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து புதுப் போத்தலைக் கொடுத்தாய். "பல ஊருக் கூட்டம் வருது. எவன் எதக் கொண்டாருவான்னு சொல்ல முடியாது. கூட்டம் வாரப்ப ஒரு பங்கு பத்தாது, ரெட்டைப் பங்கு போட்டுரு. காலைல கோப்பை. மறந்துராத" என்றாய்.

நான் மறக்கவில்லை, மாப்ள.

இத்தனை வருஷமும் நான் மறந்துவிட்டதாகத்தான் நீ நினைத்திருந்தாய். நான்தான் உன்னிடம் அப்படிச் சொன்னேன். அது பொய். முந்தின சாயங்காலம் போத்தலை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரை போனேன். வாளியைக்கூட எடுத்துவிட்டேன். நாளைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்க்கும்போது தண்ணீர் சிவப்பாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்ற யோசனை வந்தது. மருந்து என்று தெரிந்துவிடும். அப்புறம் என் கதை என்ன ஆவது? நன்றி சொல்லும் நாளில் மருந்து போடுவது விசுவாசக் குறைவு என்று எனக்கு நானே ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்துகொண்டேன். போத்தலைக் கொண்டுபோய் டிரங்குப் பெட்டியில், வேஷ்டிகளுக்கு அடியில் வைத்தேன். காலையில் கோப்பையையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது என்ன சொல்லும் என்று தெரியும்.

பந்திக்குச் சமைத்தவள் அருளாயி. காலையில் கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "வாத்தியாரய்யா, இன்னைக்குத் தண்ணி நெறமே இல்லாம இருக்கே, எடுக்கலாமா?"

"எடும்மா. இன்னைக்கு ஸ்தோத்திர நாளு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் கயிற்றை இறக்கினாள். நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

நீ மத்தியானம் வந்தபோது நான் பந்தலில் மாலையோடு நாற்காலியில் இருந்தேன். நீ இலையில் உட்காரவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கோப்பையை எடுத்து வந்து கிணற்றில் மொண்டு பார்த்தாய். அங்கிருந்தே என்னைப் பார்த்தாய். அருகில் வந்து கேட்டபோது, "மறந்துட்டேன்டா" என்றேன். உன் சைக்கிள் பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். அத்தனை விருந்தாளிகள் முன்னால் வாளியை இறக்கிக் கிணற்றைச் சிவப்பாக்கினாய். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. செய்த தப்புக்காக இல்லை, மதுரைக்காரர்கள் பார்க்கிறார்களே என்று. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் என் மகள் பாக்கியம் விழுந்தாள். அவளோடு எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவர். பிறகு அருளாயி. நீ மருந்துச்சாலைக்கு ஆள் சொல்லி அனுப்பிவிட்டு எங்களோடேயே இருந்தாய். வெந்நீரும் உப்புமாகக் கரண்டி கரண்டியாக ஊற்றினாய். பாக்கியம் பிழைத்தாள், அந்த இருவரும் பிழைத்தார்கள். அருளாயி மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். அத்தனை பேருக்கும் சமைத்தவள், உப்புச் சரியா உறைப்புச் சரியா என்று பார்த்துக்கொண்டே நின்றவள், கடைசியில் ஒரு வாய் தண்ணீரை விழுங்க முடியாமல் போனாள்.

அடக்கம் முடிந்து வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, "நாந்தான் கொன்னுட்டேன்" என்று உன்னிடம் அழுதேன்.

"ஆமா" என்றாய்.

இல்லை என்று சொல்வாய் என எதிர்பார்த்தேன். நீ வாளியை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுக்கு மேல பேசாத மாப்ள. பேசுனா இதுவும் பிரசங்கமாயிரும். வாளியத் தூக்கு" என்றாய். தூக்கினேன். மறுநாளிலிருந்து நீ விருந்தாளிகள் திரும்பிப்போன ஊர்களுக்கெல்லாம் போத்தலோடு சைக்கிளில் போனாய். வேறெங்கும் விழவில்லை என்று நீ வந்து சொன்ன அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதன் பிறகு அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் நான் கோப்பையை விடவில்லை. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிந்தால் கிணற்றடி. ஜெபமும் பழைய ஒரு வரிக்கே திரும்பியது, கூட ஒரு சொல்லோடு. "ஆண்டவரே, இன்று ஒரு நாள் எங்களைக் காத்துக்கொள்ளும், என்னையும்." நோய் ஊருக்குள் இருந்தபோது நான் ஆண்டவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது போனதும் என் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டேன். என்னைச் சாய்த்தது காலரா இல்லை, காலரா போய்விட்ட சந்தோஷம்.

ஆனாலும் அந்தப் பத்திரிகைக் கதையை நான் திருத்தவில்லை. நானாக எங்கும் சொல்லவில்லை. யாராவது சொன்னால் மறுக்கவும் இல்லை. கடைசியாக உன்னை மேலூரில் பார்த்தபோது, காய்ச்சலில் படுத்துக்கொண்டே, "அந்தக் கதைய ஒரு நா நீயே நேராக்கிரு மாப்ள. எனக்காக இல்ல, அருளாயிக்காக" என்றாய். செய்றேன் செய்றேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இன்று அதே கதையை மாலை போட்டு வாசிக்கப் போகிறார்கள், நான் அதற்குத் தொண்டையைச் சரி செய்துகொண்டிருக்கிறேன்.

டம்ளர் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டேன். கரகரத்த குரலே போதும்.

மேலே உள்ளது காலையில் எழுதியது. இப்போது கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மருமகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள், இதை முடித்துவிட்டுப் போகிறேன்.

செயலாளர் வாழ்த்து மடலை இராகத்தோடு வாசித்தார். அந்த வரியில் நிறுத்தி என்னைப் பார்த்துப் புன்னகையும் செய்தார். நான் எழுந்தேன். "அந்த வரி பொய். அதை நேற்றே திருத்தியிருக்க வேண்டியவன் நான்" என்று ஆரம்பித்தேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். வாளியைச் சொன்னேன், அன்றைக்கு நீ கேட்டபடியே. போத்தலை வேஷ்டிக்கு அடியில் வைத்ததையும், அருளாயி கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். அருளாயியின் மகள் தாயம்மாள். அந்தப் பண்டிகையின்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், நம் தெருவிலேயே குடியிருந்தாள். எனக்குக் கூட்டம் என்று கேள்விப்பட்டு மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். தலையில் அங்கங்கே நரை.

"அய்யா, ஆத்தா ஒங்ககிட்டக் கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "ஒங்க மேல அம்புட்டுக் கோவம். அதுக்கப்புறம் நீங்க கோப்பையத் தூக்கிக்கிட்டு விடியக்காலம் வாரத எங்க வீட்டு வாசல்ல நின்னு பாப்பேன். இந்த மனுசன் என்னைக்காச்சும் ஒரு நா வராம இருப்பாரு, அன்னைக்குப் போயி நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டுறணும்னு காத்துக்கெடந்தேன். மழையில வந்தீங்க, காச்சலோட வந்தீங்க. வருசக்கணக்கா வந்துக்கிட்டே இருந்தீங்க. காத்துக் காத்து என் கோவந்தான் போச்சு."

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன். அருளாயிக்காக இத்தனை வருஷத்தில் நான் சபை பார்க்க அழுதது அதுதான் முதல் தடவை. மன்னிப்பு என்பதை எத்தனை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்திருப்பேன். அது எதிரே எழுந்து நின்று பேசி நான் பார்த்தது இன்றுதான்.

உன்னிடம் இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதை மறைத்தால் இந்த மடலும் வேஷ்டிக்கு அடியில் வைத்த போத்தல்தான். கூட்டம் கலைந்ததும் வாசலில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எம்புட்டுத் தாழ்மை" என்றார் ஒருவர். இப்படி உள்ளதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார் இன்னொருவர். இதையே பத்திரிகைக்கு எழுதித் தரும்படி போதகர் கையைப் பிடித்துக் கேட்டார். ஜட்காவில் வரும் வழியெல்லாம் நான் பேசியதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் சபை அசந்துபோய் உட்கார்ந்தது என்று கணக்குப் பார்த்தேன். அந்த முதல் வரி நன்றாகத்தான் விழுந்தது என்று நினைத்தபோது, வண்டிக்குள் உன் குரல் கேட்டது. "மாப்ள, இன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசுன."

தனியாகச் சிரித்தேன். ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார்.

உன் கோப்பையைப் பெட்டியிலிருந்து எடுத்து, காலையில் டம்ளர் இருந்த ஜன்னலில் வைத்திருக்கிறேன். விளிம்பில் ஒரு சில்லு போயிருக்கிறது, உள்ளே கீறலில் பழுப்புக் கறை இன்னும் போகவில்லை. இங்கே குழாய்த் தண்ணீர்தான், கோப்பைக்கு வேலை இல்லை. எனக்கு உண்டு. விடிந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய ஒரு வரியைச் சொல்வேன், நீட்டாமல். கூட்டம் நன்றாக நடந்தது, மாப்ள. அதனால் நாளைக்கு எனக்கு ரெட்டைப் பங்கு.